மூன்றாவது சிலிண்டர்

மாஸ்டர் ஒர்க்ஷாப்புக்கும் என் பேட்டரிக் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுச் சண்டை, சமாதானம், சட்டி கழுவும் சத்தம் எல்லாம் எனக்கு ஓசியிலேயே கிடைத்தது. ஒர்க்ஷாப் முன்னால், வீடு பின்னால். அடுப்படிக் கதவைத் திறந்தால் யாராவது ஒருவருடைய காரின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

மாஸ்டர் பெரிய வேலைக்காரர். அதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். இன்ஜின் உதறுகிறது, மேடேறவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது என்று நாலு கடை ஏறி இறங்கிய வண்டிகள் கடைசியில் அவரிடம்தான் வரும். மிஸ்ஸிங் என்றால் வேறொன்றுமில்லை. நாலு சிலிண்டரில் ஒன்று தன் முறை வரும்போது வெடிக்காமல் சும்மா இருந்துவிடும்; மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தள்ளாடும். எல்லார் வீட்டிலும் இது உண்டு, ஆனால் அதற்கு மெக்கானிக் கிடையாது.

அவருக்கென்று ஒரு வரிசை இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்சாரம் கொடுக்கிற காயிலின் கனெக்டரையும் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுவார். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் சும்மா இருக்கிற சிலிண்டர். அதன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுவார். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையென்றால் பொறி பறக்கவிடும் பிளக்கைக் கழற்றி அதே மாதிரி மாற்றிப் பார்ப்பார். பிறகு பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர். கடைசியாகத்தான் கம்ப்ரஷன்: பிளக் இருந்த ஓட்டையில் கேஜ் மாட்டி, உள்ளே காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று அளப்பார். மந்திரியே வண்டியோடு வந்து நின்றாலும் இதில் ஒன்றைத் தாண்டமாட்டார். "படி தாண்டுனா பல்லு உடையும்" என்பார்.

வேலை செய்யும்போது திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார். வேண்டிய சாமான் வந்து உள்ளங்கையில் உட்காரும். கொடுப்பது அவர் சம்சாரம். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே இந்த உத்தியோகம் ஆரம்பித்துவிட்டது. சோறு கொதிக்கும்போது தீயைக் குறைத்துவிட்டு ஓடி வருவாள், ஸ்பேனரைக் கொடுப்பாள், கையைக் கழுவிக்கொண்டு மறுபடி அடுப்புக்கு ஓடுவாள். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் உண்டு.

அப்படியே காலம் ஓடியிருக்கும். அவள் தம்பி வெளிநாட்டுக்குப் போகும்போது தன்னுடைய பழைய காரை அக்காவுக்கு விட்டுவிட்டுப் போனான். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் வாங்கினாள், ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலையும் பிடித்துவிட்டாள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ஊர் முழுக்க ஆறு இடத்தில் ரத்தம் எடுத்து வைத்திருப்பார்கள். ஐஸ் பெட்டிகளில் அந்தக் குழாய்களை வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுப்போகும். மூன்று மாதம் பார்ப்போம், ஒழுங்காக வந்தால் நிரந்தரம் என்று லேப் மேனேஜர் சொல்லியிருந்தார்.

முதல் சம்பளம் வாங்கிய அன்று என்னிடம் வந்து காருக்குப் புது பேட்டரி போட்டாள்.

"அண்ணே, பில்லுல மாஸ்டர் வீட்டம்மான்னு எழுதாதீங்க."

"வேற என்னம்மா எழுதறது?"

"டிரைவர்னு எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். "ஒரு சோப்பு வாங்கணும்னாலும் அவர் மூஞ்சியப் பாத்து நிக்கணும்ணே. இந்த வேல நெலச்சிடுச்சுன்னா அது ஒண்ணு போதும் எனக்கு" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மாஸ்டர் முதலில் பெருமையாகத்தான் இருந்தார். எங்கிருந்தோ ஒரு ஆள் பார்சலோடு வந்து கெடுத்தான். மாஸ்டர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். தலைக்கு மேலே அவர் பேர் போட்ட போர்டு ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. அந்த ஆள் குனிந்து, "அண்ணே, டிரைவரம்மா வீடு இதானே?" என்று கேட்டான். வரிசையிலிருந்த கடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது மாஸ்டரின் அக்கா அதைச் சுடச்சுடப் பரிமாறினார். அக்கா தம்பி வீட்டிலேயே தங்கியிருப்பவர். அடுப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீட்டையும் ஒர்க்ஷாப்பையும் ஒரே பார்வையில் நிர்வாகம் செய்வார். சூப்பர்வைசர் என்று நாங்கள் வைத்த பேர் அவர் காதுக்கும் போயிருந்தது, கோபப்படவில்லை.

"டிரைவரம்மா புருஷனே, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?"

"அக்கா, சும்மா இரு."

"நான் சும்மாதான்டா இருக்கேன். ஊருதான் சும்மா இல்ல. நாளைக்கு போர்டையும் மாத்திடு. டிரைவரம்மா ஒர்க்ஷாப்னு."

தட்டு தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு குழாய்த் தண்ணீர்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மத்தியானம், தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வியாபாரமும் இல்லை. இரவல் வாங்கிய சார்ஜர் கிளிப்பைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒர்க்ஷாப்புக்குள் போனேன். அவள் விடியலில் எழுந்த அலுப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காரின் பானட் திறந்திருந்தது. மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே, நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் படம் வரைகிற மாதிரி.

எனக்கு அது புதிதல்ல. வேலை கேட்டு வரும் மெக்கானிக்குகளுக்கு அவர் வைக்கும் பரீட்சை அது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே கசிந்துவிடும். ஈரக்காற்றிலும் மேட்டிலும் வண்டி உதறித் தள்ளும். கண்டுபிடிக்கிறவனுக்கு வேலை, இல்லாதவனுக்கு ஒரு டீ. ஆனால் அன்று பரீட்சை எழுத யாரும் வந்திருக்கவில்லை.

என்னைப் பார்த்தார். கையை மறைக்கவில்லை. என்னை அவர் பேட்டரி என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு வாரம்டா பேட்டரி. அவங்களே வேணாம்னுடுவாங்க. வீட்ல இருப்பா. எல்லாம் பழையபடி ஆயிடும்."

"பாவம் மாஸ்டர், அது..."

"நீ பாத்தியா?"

நான் விற்கிற பத்து பேட்டரியில் ஏழு அவர் வாயிலிருந்து வருகிறது. "உன் பேட்டரி செத்துப்போச்சு, பக்கத்துல மாத்திக்க" என்று அவர் சொன்னால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். கிளிப்பை மேசைமேல் வைத்தேன்.

"எதை மாஸ்டர்?" என்றேன்.

சிரித்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கென்ன என்று வந்துவிட்டேன்.

மறுநாள் பாலத்து மேட்டில் கார் குலுங்கி நின்றது. எப்படியோ உருட்டிக்கொண்டு ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு லேபுக்குப் போயிருக்கிறாள். முதல் தடவை என்று மேனேஜர் விட்டுவிட்டார். அவள் வந்து மாஸ்டரிடம் சொன்னாள்.

"என்னங்க, வண்டி உதறுதுங்க. மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. சைலன்சர்ல பச்சப் பெட்ரோல் வாசன வேற அடிக்குது."

"பாக்கலாம்."

"நாளைக்குக் காலைல போகணுமே."

"காசு குடுக்குறவன் வண்டியெல்லாம் வரிசைல நிக்குது. ஒன்னோடத தலைல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடவா? பாக்கலாம்னா பாக்கலாம்தான்."

மூன்றாம் நாள் நாற்சந்தி நடுவில் நின்றேவிட்டது. கொட்டுகிற மழையில் ஆறு பெட்டியையும் ஆட்டோவுக்கு மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி பத்தே முக்கால். பாதிக் குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காலிப் பெட்டிகளோடு காரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நனைந்த கோழியாக என் கடை வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்குள் போகப் பயந்துகொண்டுதான் இங்கே வந்திருந்தாள்.

"ஒன்றர வயசுக் கொழந்தையோட ரத்தம்ணே அதுல. நரம்பே கெடைக்காம நாலு எடத்துல குத்தி எடுத்திருக்காங்க. இப்ப மறுபடியும் குத்தணும். அவங்கம்மா போன்ல என்னைக் கேட்ட கேள்வி... நான் என்னண்ணே பண்ணுவேன்?"

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். எல்லாம் தெரிந்த வாயை மூடிக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் லேபுக்கு விடுமுறை. பத்து மணி வாக்கில் லேப் மேனேஜரே ஒர்க்ஷாப்புக்கு வந்துவிட்டார். மெலிந்த மனிதர், பேச்சு மிருதுவாக இருக்கும். "அம்மா, எனக்கு ஒங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா வண்டி சரியாகுமா ஆகாதான்னு இன்னிக்கே எனக்குத் தெரியணும். நாளைக்கு இன்னொருத்தர் தயாரா இருக்காரு" என்றார். ஏற்கெனவே அங்கே நாலைந்து வாடிக்கையாளர்கள் டீயோடு காத்திருந்தார்கள். மாஸ்டரால் தட்ட முடியவில்லை. நானும் போய் ஒரு ஓரமாக நின்றேன். வேடிக்கை பார்க்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இன்ஜினை ஓடவிட்டார். மட்கார்டு மேல் வைத்த டீ டம்ளர் நடந்து போய்க் கீழே விழுகிற அளவுக்கு உதறல். முதல் காயிலைப் பிடுங்கினார், சத்தம் இன்னும் தள்ளாடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினார், ஒரு மாற்றமும் இல்லை. நாலாவதில் மறுபடி தள்ளாடியது.

"மூணாவது சிலிண்டர்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மூன்றாவது காயிலை இரண்டாவதில் போட்டார். கோளாறு மூன்றிலேயே நின்றது. "அப்ப காயில் இல்ல" என்று கையைப் பின்னால் நீட்டினார். பழக்கத்தில் நீட்டிவிட்டார் பாவம். பிளக் ஸ்பேனர் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. அவர் விரல்கள் மூடவில்லை.

"இது இல்ல. நீள ஸ்க்ரூடிரைவர எடு."

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கொடுத்தாள். அதன் பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜெக்டர் மேல் ஊன்றிக் கேட்டார். "இன்ஜெக்டர் நல்லா அடிக்குது." நிமிர்ந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம், "சார், கம்ப்ரஷன் போயிடுச்சு. மூணாவது சிலிண்டர் செத்துப்போச்சு. இன்ஜின முழுசா எறக்கணும். இந்த வண்டிய நம்பி ஒங்க ரத்தத்தக் குடுக்காதீங்க" என்றார்.

காத்திருந்தவர்களில் ஒருவர் உச்சுக் கொட்டினார். மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பிளக்கப் பாக்கலையே."

"வேணாம்."

"கேஜ் போட்டுக்கூட பாக்கலையே. கம்ப்ரஷன் போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"என் காது சொல்லுது. நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"கேஜ் மாட்டணும்னாலும் பிளக்கக் கழட்டித்தானங்க ஆகணும்?"

வாடிக்கையாளர் ஒருவர், வருஷக்கணக்கில் வருகிறவர், "ஆமா மாஸ்டர், எப்பவும் நீங்க படி தாண்ட மாட்டீங்களே" என்றார். அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். மாஸ்டரின் கழுத்து நரம்பு எழுந்து நின்றது.

அவள் யாரையும் கேட்கவில்லை. இன்ஜினை அணைத்தாள். காயிலை உருவினாள், ஸ்பேனரைக் குழிக்குள் விட்டாள், சூட்டைப் பொருட்படுத்தாமல் நாலு திருப்பில் பிளக்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைப் பீங்கானில் நேர்க்கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல் இருந்தது.

"என்னம்மா அது?" என்றார் மேனேஜர்.

"பென்சில் கோடு சார். யாரோ போட்டிருக்காங்க. இத தொடச்சுட்டா வண்டி ஓடும். இன்ஜினுக்கு ஒண்ணுமே இல்ல." மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தக் கோடு போடத் தெரிஞ்சவரு இந்த ஊர்ல ஒருத்தருதான்."

மழை ஓய்ந்திருந்தது. தகரத்திலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் கையும் களவுமாக நிற்கிறார், இனி என்ன சொல்லமுடியும் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்து நாங்கள் பார்த்ததே அபூர்வம்.

"ஏண்டி, அவனுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியாதா? பன்னண்டு வருஷமா பக்கத்துல நின்னு பாத்தவதான நீ? நீயே கோடு போட்டுட்டு எந்தம்பி தலைல கட்டுறியா?"

மாஸ்டர் அக்காவைப் பார்த்தார். பிடிகொம்பு கிடைத்துவிட்டது. முகம் மெதுவாகத் தெளிந்தது.

"எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்றார். "எப்படிக் கழட்டுனா பாருங்க. என்கிட்ட வேல செஞ்ச எந்தப் பயலும் இவ்ளோ வேகமா, இவ்ளோ சுத்தமா ஒரு பிளக்கக் கழட்டுனதில்ல. கைய விட்டா நேரா மூணாவதுக்குப் போறா. பாக்காமலே தெரியுது அவளுக்கு."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் வேலையை அவர் பாராட்டி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"மூணாவதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க?" என்றாள்.

"காலைல எழ முடியல, வேல கசந்துபோச்சு. சும்மா வேலய விட்டா நாலு பேர் சிரிப்பாங்க. அதான் பழிய நம்ம மேல போட்டுட்டு நிக்கலாம்னு பாக்குறா சார்."

இவ்வளவு பச்சையாக ஒரு பொய்யா என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லோருடைய வண்டியும் அவர் கையில் திறந்து கிடந்தது. மேனேஜர் அவள் கையிலிருந்த பிளக்கையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சுவத்துக்கு அந்தப் பக்கமே இருக்கீங்க. ஒங்களுக்குத் தெரியாம இங்க ஒரு ஆணி விழாது. யாரு இந்த வண்டியத் தொட்டதுன்னு சொல்லுங்கண்ணே."

நான் வாயைத் திறந்தது உண்மை. அதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"பேட்டரி, ஊர்க்கதையெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாலஞ்சு நாளா மத்தியானத்துல இவ இந்த பானட்டத் திறந்து வெச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னாளா இல்லையா? நீ பாத்தியா, பாக்கலையா?"

அவள் தினமும் வண்டியை நிறுத்தியதும் பானட்டைத் திறந்து ஆயிலும் தண்ணீரும் பார்ப்பாள். இந்த வரிசைக்கே தெரிந்த விஷயம். நேற்றும் பார்த்தாள், நனைந்த துணியோடு. ஆமாம், ஆயில் பார்த்தாள் என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை கூடுதல்.

மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்" என்றேன்.

அவள் காத்திருந்தாள். மிச்சத்தையும் சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தரையில் சிந்தியிருந்த டீயைப் பார்த்தேன்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "வீட்டுச் சண்டைக்கு நடுவுல நான் அடுத்தவங்க ரத்தத்த வெக்க முடியாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க." அவள் காரின் பின் ஸீட்டிலிருந்த காலிப் பெட்டிகளை அவரே எடுக்க ஆரம்பித்தார். ஆறையும் ஒரேயடியாகத் தூக்க முடியாமல் தடுமாறினார். அவள் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டை வாங்கிக்கொண்டு அவர் வண்டி வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். சூப்பர்வைசர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "உலை வெக்கலையா இன்னும்?" என்று கேட்டார்.

மத்தியானம் மாஸ்டர் ஒரு கஸ்டமரை என்னிடம் அனுப்பினார். பேட்டரி செத்துவிட்டதாம், புதிது போட வேண்டுமாம். மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு வருஷம் ஓடக்கூடிய பேட்டரி. எதற்கு இது என்று புரிந்தது. கழற்றிவிட்டுப் புதிது மாட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம், செத்துப்போன மூன்றாவது சிலிண்டரோடு அவள் கார் ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி வாங்கி விற்கும் ஒரு புரோக்கரிடம் மாஸ்டர் சொல்வது கேட்டது: "நான் பாத்த வண்டி. இன்ஜின் பால் மாதிரி இருக்கும். கேட்டுப் பாரு."

பொழுது சாய்வதற்குள் மாஸ்டர் புரோக்கரோடு வெளியே போனார். சூப்பர்வைசர் கண்ணயர்ந்திருந்தார். மனசு கேட்காமல் அடுப்படி வாசலுக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பிளக்கைப் பிடித்த இரண்டு விரலிலும் கொப்புளம் நீர் கட்டியிருந்தது.

"அம்மா, நான் பொய் சொல்லலம்மா. நீ பானட்ட திறந்தத பாத்தேன்னுதான்..."

"இல்ல, நீங்க பொய் சொல்லல" என்றாள். தண்ணீரை வடித்தாள், மறுபடி ஊற்றினாள். "பொய் சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே சண்ட போட்டிருப்பேன். நெசத்த சொன்னவங்ககிட்ட என்ன சண்ட போடறது?"

"மன்னிச்சுடும்மா."

பன்னிரண்டு வருஷமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டவள், அரிசியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நல்லா இருங்க, பேட்டரிக்காரரே" என்று சொல்லிவிட்டு உலைப் பானையின் மூடியைத் திறந்தாள்.